வந்தவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்: உதைபந்தாட்டத்தில் வெளியூர் ரசிகர்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

உதைபந்தாட்டத்தில் எதிரணியின் ஊருக்கே சென்று, அவ்வூராரின் நடுவே நின்று தம் அணிக்குக் குரல் கொடுப்போரை இவ்வறிக்கை வெளியூர் ரசிகர் என்று குறிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் லீக் ஆட்டங்களிலும், மறைந்தோர் நினைவாகக் கழகங்கள் நடத்தும் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளிலும் முறுகல் வருமென்று அஞ்சப்படும்போது, வெளியூர்ச் சனத்தை மைதானத்துக்குள் விடாமல் இருப்பதே இலகுவான வழி என்று பலருக்கும் தோன்றுகிறது. அக்குடாநாட்டின் மயிலிட்டி என்ற ஊரைச் சார்ந்த இவ்விளையாட்டு அமைப்பு அவ்வழியை ஏற்கவில்லை. வெளியூர் ரசிகர் வருவதற்கு உரிமையுடையவர் என்பதும், அவர் வந்தது முதல் ஊர் எல்லையைக் கடந்து திரும்பும் வரை அவருடைய பாதுகாப்புக்குப் போட்டியை நடத்துபவரே பொறுப்பு என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

இந்நிலைப்பாட்டுக்கு மயிலிட்டியின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1990 ஜூன் மாதத்தில் போரினால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது; மீன்பிடித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3 அன்றுதான் விடுவிக்கப்பட்டன; அதன் பின்னரும் ஊரின் இன்னொரு பகுதி படையினர் வசமே இருந்தது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் பருத்தித்துறைப் பக்கத்திலும் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த மண்ணில் ஆடும் ஆட்டம் என்ற ஒன்றே இருக்கவில்லை. அவர்கள் பந்தை உதைத்த மைதானம் ஒவ்வொன்றும் பிறருடைய மைதானம். அவர்களுக்காகக் கைதட்டிய ஒவ்வொருவரும் வெளியூர் ரசிகர். வேறொருவர் நிலத்தில் நின்று தன் ஊரின் பெயரைச் சத்தமிட்டுச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதையும், அந்நிலத்துக்குரியவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டால் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் இவ்வூர் நேரே அறிந்திருக்கிறது. தன் மைதானத்துக்கு வருவோரை வாசலில் மறிக்கும் ஊராக மயிலிட்டி மாறுவதை இவ்வமைப்பு விரும்பவில்லை.

எதிரணியின் மண்ணில் ஆடுவது கடினமென்பதை உதைபந்தாட்ட உலகம் விதியாகவே எழுதி வைத்திருந்தது. இரு அணிகளும் தத்தம் ஊரில் ஒவ்வோர் ஆட்டம் ஆடி மொத்தக் கோல்கள் சமமாகும்போது, வெளியூரில் கூடுதல் கோல் போட்ட அணிக்கே வெற்றியை வழங்கும் முறையை ஐரோப்பியக் கழகப் போட்டிகள் 1965 முதல் 2021 வரை பின்பற்றின. பெருந்தொற்றினால் 2020 இல் வெறுமையான அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது, சொந்த மண்ணின் அனுகூலம் பல லீக்குகளில் குறைந்ததை ஆய்வுகள் எடுத்துக்காட்டின. கூட்டத்தின் குரலுக்கு இத்தகைய வலிமை இருக்குமானால், அக்குரலை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரித்தாக்குவது ஆட்டத்தின் நேர்மையையே குறைப்பதாகும்.

தடை விதித்தால் அமைதி வரும் என்ற வாதத்தை உலக அனுபவம் உறுதிப்படுத்தவில்லை. இந்தோனேசியாவின் மலாங் பகுதியிலுள்ள கஞ்சுருஹான் அரங்கில் 2022 அக்டோபர் 1 அன்று அரேமா, பெர்செபயா அணிகள் மோதிய ஆட்டத்துக்கு, மோதலுக்கு அஞ்சி வெளியூர் ரசிகர் அனுமதிக்கப்படவில்லை. எனினும் தோல்வியடைந்த உள்ளூர் அணியின் ரசிகர்கள் களத்தில் இறங்க, உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பாதுகாப்பு விதிகள் தடைசெய்துள்ள கண்ணீர்ப்புகையைப் பொலிஸார் பயன்படுத்த, நெருக்கமான வாயில்களில் சிக்கி 135 பேர் உயிரிழந்தனர். ஆர்ஜென்டினா 2013 இல் வெளியூர் ரசிகரைத் தடைசெய்தது. அத்தடை ஆண்டுக்கணக்கில் நீடித்தும், ஒரே கழகத்தின் ரசிகர் குழுக்கள் தமக்குள் மோதிக்கொள்வதை அதனால் நிறுத்த முடியவில்லை.

எதிரணி ரசிகரை அனுமதித்துவிட்டு அவரைக் கவனியாமல் விடுவதும் இதே அளவு ஆபத்தானது என்பதை மறைப்பது நேர்மையாகாது. கொல்கத்தாவின் ஈடன் தோட்ட அரங்கில் 1980 ஆகஸ்ட் 16 அன்று கிழக்கு வங்காள அணியும் மோகன் பகான் அணியும் ஆடியபோது, களத்தில் இரு வீரர்களிடையே மூண்ட சச்சரவு பார்வையாளர் பகுதிக்குப் பரவி 16 ரசிகர்கள் மாண்டனர். எகிப்தின் போர்ட் சயிது நகரில் 2012 பெப்ரவரி 1 அன்று அல் மஸ்ரி அணி வென்ற பின்னரும், அதன் ரசிகர்கள் விருந்தினராக வந்த அல் அஹ்லி ரசிகர்கள் மீது பாய்ந்தபோது, வெளியேறும் வாயில் பூட்டிக் கிடந்தது. 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று உள்ளூர் அணி தோற்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தோல்வியின் ஆத்திரமே வன்முறைக்குக் காரணம் என்ற பொதுநம்பிக்கை பல ஏற்பாட்டாளர்களைத் தவறான கணிப்புக்கு இட்டுச்செல்கிறது. இவ்விரு துயரங்களும் கஞ்சுருஹான் துயரமும் ஒருங்கே காட்டுவது, கூட்டத்தைப் பிரிக்கும் இடைவெளியும் திறந்திருக்கும் வழியும் உயிர் காப்பவை என்பதையே.

குடாநாட்டின் கிராம மைதானங்களில் இருக்கை வரிசையோ தனி வாயிலோ பெரும்பாலும் இருப்பதில்லை. எல்லைக் கோட்டை ஒட்டிக் கட்டிய கயிற்றின் பின்னால் சனம் நிற்கும். உழவு இயந்திரப் பெட்டியிலும் மோட்டார் சைக்கிள்களிலும் வந்தவர்கள் திரும்பிப் போவதற்கு ஒற்றை ஒழுங்கையே இருக்கும். மின்னொளியில் நடக்கும் இறுதியாட்டம் தண்டனை உதைகள் வரை நீண்டு நள்ளிரவை நெருங்கும். ஆகவே, ஆட்டம் நடக்கும் நேரத்தைவிட அது முடிந்த பின்னர் வரும் அரைமணி நேரமே கூடுதலான கவனத்துக்குரியது என இவ்வமைப்பு கருதுகிறது. வெளியூர் ரசிகருக்கென மைதானத்தின் ஒரு பக்கம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டு, அவர்களின் வாகனங்கள் அப்பக்கத்திலேயே வீதியை நோக்கி நிறுத்தப்படுமானால், இரு கூட்டங்களும் ஒரே ஒழுங்கையில் முட்டிக்கொள்ளும் நிலையைப் பெரிதும் தவிர்க்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை, கயிறும் சில தொண்டர்களும் போதும்.

பகை எந்தச் சொற்களில் வெளிப்படுகிறது என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். எதிரணியின் ஆட்டத்தைக் கேலி செய்வதும் மத்தியஸ்தரின் தீர்ப்பைக் கண்டு கூச்சலிடுவதும் ஆட்டத்தோடு பிறந்தவை. அவற்றை அடக்க இவ்வமைப்பு முயலவில்லை. சாதியைச் சொல்லி, கடற்றொழிலைச் சொல்லி, முகாமில் இருந்ததைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவது அவ்வகையைச் சேர்ந்ததன்று. கையோங்கல் தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட வன்முறை அது. இத்தகைய சொல் எழும் கணத்திலேயே மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தவும், ஏற்பாட்டுக் குழு அவருக்குத் துணை நிற்கவும் வேண்டும். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்பவர் ஒரு பக்கத்தைத் தூண்டிவிடும் வழக்கமும் இதனோடு சேர்த்தே கண்டிக்கத்தக்கது, கூட்டத்தில் அனைவரும் கேட்கும் குரல் அவருடையது ஒன்றே என்பதால்.

சீருடையின் நிறத்தை மறைத்துக்கொள்ளுமாறும், கோல் விழுந்தாலும் வாய் திறவாதிருக்குமாறும், ஆட்டம் முடியும் முன்னரே புறப்படுமாறும் வெளியூர் ரசிகருக்குக் கூறப்படும் புத்திமதி, ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்னால் அக்கறையாகும். போட்டியை நடத்துபவர் சொன்னால் தம் கடமையிலிருந்து அவர் விலகிக்கொண்டதாகவே பொருள்படும். மைதானம் முழுவதும் அடங்கிப்போக, ஒரு மூலையில் மட்டும் நாற்பது பேர் துள்ளிக் குதிக்கும் அந்தக் காட்சிக்காகவே அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

வருவோருக்கும் கடமை உண்டு. ஒவ்வொரு கழகமும் தன் ரசிகரோடு பொறுப்பானவர்களை அனுப்பவும், மது அருந்தியவரை வாகனத்தில் ஏற்றாதிருக்கவும், அடிதடியில் ஈடுபட்டவரை ஊர்ப்பாசத்தால் மறைக்காமல் பெயர் சொல்லிக் கையளிக்கவும் வேண்டும். ஆனால் நால்வரின் செயலுக்காக ஊர் முழுவதையும் ஒரு பருவகாலம் தடைசெய்யும் கூட்டுத் தண்டனையை, அத்தகைய தண்டனையை வேறு வடிவில் நெடுங்காலம் அனுபவித்த ஊரின் அமைப்பு ஒன்று எச்சந்தர்ப்பத்திலும் ஆதரிக்க இயலாது.

மயிலிட்டி மண்ணில் இவ்வமைப்பு நடத்தும் ஆட்டங்களில், எந்த அணி வென்றாலும், வெளியூர் ரசிகரின் கடைசி வாகனம் பிரதான வீதியை அடையும் வரை மைதானத்தின் மின்விளக்குகள் அணைக்கப்படமாட்டா.