பரிசு பிள்ளைக்கா, அப்பாவுக்கா?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். நம் சர் சி.வி. ராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச் சிதறல் விளைவை நினைவுகூரும் நாள். அதையொட்டிப் பள்ளிகளில் கண்காட்சி வைக்கிறார்கள். அந்த வாரம் தில்லியில் நம்மவர் வீடுகளில் தூக்கம் கெடுவது அப்பாவுக்குத்தான்! தெர்மகோல் வெட்டுவது அவர், வண்ணம் பூசுவது அம்மா. அதற்கும் நேரமில்லையென்றால், கடையில் தயாராக விற்கும் எரிமலை இருக்கவே இருக்கிறது. பிள்ளை இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்.

இதைவிடக் கண்காட்சிக்குப் போகாமலிருப்பதே மேல் என்பது என் கட்சி.

ரயில்வேயில் டீசல் என்ஜின்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ஜின் ஆயில் ஒன்று போதும். 'எஸ்.ஏ.இ. 40' ஒரு டப்பா, '20டபிள்யூ-40' ஒரு டப்பா. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. ஒரு தகர டப்பாவின் அடியில் நாலு மில்லிமீட்டர் துளையிட்டு, 50 மில்லி எண்ணெய் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பிள்ளையே கடிகாரம் பார்த்துக் குறிக்கட்டும். டிப்ளமோ படித்தவர்களுக்கு ரெட்வுட் விஸ்காமீட்டர் நினைவுக்கு வரும்; தத்துவம் அதேதான்.

எண்ணெயை ஐஸ் தண்ணீரில் வைத்து ஒரு தடவை, சாதாரணமாக ஒரு தடவை, 60 டிகிரி வெந்நீரில் வைத்து ஒரு தடவை. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். குளிரில் 40 தயங்கித் தயங்கி வடியும், மற்றது முந்திக்கொள்ளும். சூடேற ஏற இரண்டும் நெருங்கிவிடும். ஜனவரிக் காலையில் அப்பாவின் ஸ்கூட்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கு ஒரு காரணம் பிள்ளைக்குத் தானே புரியும். இதற்குப் பெயர் பாகுநிலை. வெல்லப் பாகின் பதம் பார்க்கும் பாட்டிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு சோதனை: வடிதாளில் புது எண்ணெய் ஒரு சொட்டு, பழைய எண்ணெய் ஒரு சொட்டு. மறுநாள் பார்த்தால் பழையதன் நடுவில் கரி வட்டம் தெரியும். டீசல் ஷெட்டில் என்ஜினைப் பிரிக்காமலே அதன் உடல்நிலையை அறிய எண்ணெயைத்தான் சோதிப்போம். மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. இரும்பு, செம்புத் துகள் கூடினால் எங்கோ தேய்கிறது. தண்ணீர் கலந்திருந்தால் எங்கோ கசிகிறது.

பெரியவர்களுக்கு வேலை இரண்டே. பழைய எண்ணெய் தோலுக்கு ஆகாது. அதைக் கையுறை போட்டு நீங்கள் சொட்டு விடுங்கள். எந்த எண்ணெயையும் நேரடியாக அடுப்பில் வைக்க விடாதீர்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு. மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கணக்குத் தவறினால் தவறட்டும், கோடு கோணலாகட்டும். ஏன் கோணியது என்று பிள்ளை யோசிக்கும் அரைமணி நேரம்தான் விஞ்ஞானம். என்ஜினீயரிங் சீட்டுக்காக லட்சக்கணக்கில் கோச்சிங் கட்டணம் கட்டுகிறோம். ஆனால் பிள்ளை கையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிக்கிறோம். ஸ்பானரைத் தொடாமல் என்ஜினீயராகிறவன் என்ஜினைக் கண்டு பயப்படுவான். அதைவிட மோசம், அடுத்தவன் உழைப்பைத் தன்னுடையது என்று மேடையில் சொல்லக் கூச்சமில்லாமல் போவது. அதைப் பன்னிரண்டு வயதில் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

இந்த ஆண்டு பரிசு வராவிட்டாலும் பரவாயில்லை, பெற்றோர்களே. கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.