பொத்தான் படிப்பு

“டப்லோ நல்லா வருமாம். ஆனா நாங்க பவர் பிஐக்கு மாறிட்டம். அது தெரியுமா?” கலைப்பீடத்தில் பொருளியலோ புவியியலோ புள்ளிவிபரமோ படித்து, டேட்டா வேலைக்குப் போகப் பார்க்கும் எங்கட ஆக்களிடம் கேட்கப்படும் கேள்வி இது. தெரியாது எண்டால் அதுவரை கற்றதெல்லாம் பூச்சியம்.

நிறுவனங்கள் ஏன் மாறுகின்றன? பெரும்பாலும் காசுக்காகத்தான். டப்லோவில் டாஷ்போர்ட் உருவாக்குபவருக்கான லைசன்ஸ் ஆளுக்கு மாதம் 75 டொலர். பவர் பிஐ புரோ நீண்டகாலம் 10 டொலராக இருந்தது, 2025 ஏப்ரலில்தான் 14 ஆனது. 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்ட நாடு இது. மாறுவது நியாயம்தான். எங்கட கோபம் வேறு. மிச்சப்படும் லைசன்ஸ் காசு நிறுவனத்துக்கு. புதுக்கருவியைப் படிக்கும் செலவோ டெவலப்பரின் நித்திரையிலும் பொக்கற்றிலும் விழுகிறது.

அந்தச் செலவு சின்னதில்லை. ஒரு கருவியில் கட்டிய டாஷ்போர்ட்டை மற்றதுக்குள் அப்படியே தூக்கி வைக்க முடியாது, முதலிலிருந்து கட்ட வேண்டும். டப்லோவில் இழுத்துப் போட்டுப் படம் வரைந்தபடியே யோசிக்கலாம். பவர் பிஐ முதலில் அட்டவணைகளைத் தொடுத்து ஒரு மொடல் கேட்கும். பிறகு டாக்ஸ் மொழியில் கணக்கு எழுத வேண்டும். எந்த வடிகட்டல் எந்த அட்டவணைவரை போகிறது என்று விளங்கவே மாதக்கணக்கு எடுக்கும். போதாக்குறைக்கு, பவர் பிஐ டெஸ்க்டொப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்டுச் சமாளிக்கும் மாணவி என்ன செய்வாள்?

ஆனால் கருவி மாறினாலும் மாறாத ஒன்று இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 23 இலட்சம் பேர், முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். 25 மாவட்டங்களின் தலா வருமானத்தையும் கூட்டி 25ஆல் பிரித்து, ‘இலங்கையின் சராசரி’ எண்டு போட்டால் என்ன நடக்கும்? 23 இலட்சத்துக்கும் 92 ஆயிரத்துக்கும் ஒரே எடை கிடைக்கும். இந்தப் பிழையை டப்லோவும் வடிவாக வரைந்து தரும், பவர் பிஐயும் வரைந்து தரும். அதைப் பிடிக்கிறவர், ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, எந்த மட்டத்தில் கூட்டலாம், இரண்டு அட்டவணையை எதை வைத்து இணைக்கலாம் என்று யோசிக்கப் பழகியவர். அந்தப் பழக்கம் உள்ளவருக்குக் கருவி மாற்றம் சிரமம், அவ்வளவுதான். இல்லாதவருக்கு ஒவ்வொரு மாற்றமும் அரிவரியிலிருந்து தொடக்கம்.

குறுங்கால வகுப்புகள் விற்பது இதையல்ல. மெனு எங்கே, பொத்தான் எங்கே, எந்த நிறம் எடுப்பு: இவ்வளவுக்கும் ஒரு சான்றிதழ். அடுத்த வருசம் வேறு கருவியின் பெயரில் அதே வகுப்பு, திரும்பவும் கட்டணம். 2019இல் டப்லோ சேல்ஸ்ஃபோர்ஸ் கைக்குப் போனது. கூகுளின் டேட்டா ஸ்டூடியோ 2022இல் லுக்கர் ஸ்டூடியோ ஆனது. முதலாளியும் பெயரும் இப்படி மாறும் உலகத்தில் பொத்தானை மனப்பாடம் செய்வது வாடகை வீட்டுக்குக் கல்வீட்டுச் செலவு செய்வது போன்றது.

“விளம்பரத்தில கருவியின்ர பெயரைத்தானே கேக்கிறாங்கள்” எண்டு நண்பர்கள் சொல்லுவார்கள். உண்மை. வயிறு இருக்கிறது, வீட்டில் எதிர்பார்ப்பு இருக்கிறது. ஒரு கருவியையாவது கை பழகத்தான் வேணும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளம்பரத்தை இயற்கை விதி மாதிரி ஏற்கத் தேவையில்லை.

ஆகவே எங்கட கோரிக்கை மூன்று. கருவியை மாற்றும் நிறுவனம், பயிற்சியை வேலை நேரத்துக்குள், தன் செலவில் கொடுக்க வேண்டும். நேர்முகத்தில் கருவியின் பெயரை விட்டுவிட்டு ஒரு குழம்பிய அட்டவணையைத் தந்து கேள்வி கேட்க வேண்டும். கலைப்பீடங்கள் எஸ்கியூஎல்லையும் தரவு மொடலிங்கையும் பாடமாக்க வேண்டும்; சுப்பர்செற், மெற்றாபேஸ் போன்ற இலவசத் திறமூலக் கருவிகளில் பயிற்சி தர வேண்டும்.

சமூகத்தைப் படிக்கிற நாங்கள்தான் அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஆர் இருக்கிறார் என்று கேட்கப் பழகியவர்கள். அந்தக் கேள்விக்கு லைசன்ஸ் காலாவதி கிடையாது.