எளியோர்க்கு இடம் தரும் நூல்கள்

திருவண்ணாமலை போன்றதொரு க்ஷேத்திரத்தில் வாழ்கிறவன் தோத்திரப் பாடல்களையும் ஸ்தல புராணத்தையும் தவிர வேறென்ன படிக்கப் போகிறான் என்று வெளியூரார் எண்ணுவதுண்டு. அண்மையில் நான் படித்தவையோ ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதவை. ஆயினும் அவற்றை ஒருங்கே வைத்துச் சிந்தித்தபோது ஓர் அபிப்பிராயம் என் மனத்தில் உறுதிப்பட்டது. அதிகாரமோ செல்வமோ இல்லாத எளிய உயிர்களுக்கு ஒரு நூல் எத்தகைய இடம் தருகிறது என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளக்க வேண்டும்.

பத்துப்பாட்டில் பத்தாவதாகிய மலைபடுகடாம், நம் மாவட்டத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய, 583 அடிகள் கொண்ட பாட்டு. பாட்டுடைத் தலைவன் அரசனே என்றாலும், அவனை நாடிச் செல்லும் கூத்தருக்கு எந்தப் பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், புனம் காப்போர் வீசும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, மூங்கிலரிசிச் சோறு எந்தக் குடியில் கிடைக்கும் என்றெல்லாம் புலவர் சொல்லிச் செல்லுகையில், வேட்டுவரும் ஆயரும் உழவரும் பாட்டில் நிறைந்துவிடுகிறார்கள். வழிப்போக்கன் பசியோடு படுக்காத நாடு என்பதே அங்கே மன்னனுக்குப் பெருமையாகிறது.

அதே செங்கம் வட்டாரத்தில் மாண்ட வீரர்களுக்காக நட்ட கற்களின் வாசகங்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாக்கியது. கதையோ வருணனையோ இல்லாத இந்நூலைப் போல என்னை நெகிழ்வித்தது சமீபத்தில் வேறில்லை. ஆநிரை மீட்டு மாண்டவர்களின் பெயர்கள் அக்கற்களில் நிற்கின்றன. இவ்வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லிலோ, பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் இறந்துபட்ட வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் கோவிவன் என்று பெயர் சொல்லிப் பொறித்து, அதன் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு நாய்க்குப் பட்ட கடனையும் மறவாத அந்த மனிதர்களை எண்ணுந்தோறும் மனம் வணங்குகிறது.

அந்த மரபின் வாரிசாகவே பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யை (2016) கருதுகிறேன். வறட்சி கவிந்த மண்ணில் ஒரு கிழவனும் கிழவியும் வளர்க்கும் வெள்ளாட்டின் வாழ்வைச் சொல்லும் இந்நாவலில், ஆட்டின் பசிக்கும் மனிதர் பசிக்கும் ஆசிரியர் ஒரே கௌரவத்தை அளிக்கிறார். குட்டிக்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் சேர்க்கும் அத்தியாயம், மானாவாரி நிலத்தில் ஆடு வளர்த்துப் பிழைக்கும் நம் ஜனங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

இவற்றுக்குப் பின் சாமர்செட் மாமின் 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' (1944) எனக்குக் குறையுடையதாகவே பட்டது. 1938-இல் இவ்வூரில் ஞானி ரமணரின் ஆசிரமத்துக்கு வந்து சென்ற அப்பெரிய எழுத்தாளர், தம் கதாநாயகன் சாந்தி தேடி இந்தியாவுக்கு வந்ததாக எழுதியதில் உண்மையான சிரத்தை இருக்கிறது. எனினும் பாரிஸ் விருந்துகளில் கலந்துகொள்வோரின் உடையையும் பேச்சையும் அவ்வளவு நுட்பமாகத் தீட்டிய பேனா, ஞானியின் ஊரில் உழுது உண்ணும் மக்களை ஏறக்குறைய காணாமலே கடந்துவிடுகிறது.

ரமணரின் 'நான் யார்?' இந்த அளவுகோலுக்கு அப்பாற்பட்டது எனச் சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. 1902-இல் வருவாய்த் துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடைகளே 1923-இல் நூலாயின. பின்னர் ரமணரே அதைக் கட்டுரை வடிவிலும் அமைத்தார் என்றாலும், வினா விடை வடிவமே எனக்கு உவப்பானது; ஏனெனில் அதில் ஐயத்தோடு வந்த ஒரு சாமானியன் இறுதிவரை உடன் அமர்ந்திருக்கிறான்.

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் இவ்வூரில், மலைபடுகடாமும் நடுகல் வாசகங்களும் எளிய உரையோடு ஒவ்வொரு நூலகத்திலும் பள்ளியிலும் இருத்தல் வேண்டும். இம்மலையைத் தரிசிக்க வருகிறவர்கள், இம்மண்ணில் வழிப்போக்கருக்குச் சோறிட்டவர்களையும் அறிந்து செல்வது இந்த க்ஷேத்திரத்துக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.