வேர்க்கடலைக் குடியானவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் 39-வது ஜனாதிபதியாயிருந்த ஜிம்மி கார்ட்டர், 2024-ம் வருஷம் டிசம்பர் 29-ந் தேதி, நூறு பிராயம் நிறைந்து மூன்று மாதம் ஆகும் தறுவாயில், தாம் பிறந்த ப்ளெயின்ஸ் என்னும் சிற்றூரில் தமது சொந்த வீட்டிலேயே காலமானார். அச்சமயம் உலகப் பத்திரிகைகள் எழுதிய இரங்கலுரைகளில் பல ஒரே வாய்பாட்டை ஒப்பித்தன: பதவியிலிருந்தபோது தோற்றவர், பதவி போனபின் வென்றவர் என்று. கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால், பாதி சாட்சிகளை மட்டும் விசாரித்து எழுதிய தீர்ப்பு அது என்பது நமது அபிப்பிராயம். நாலு வருஷம் ஜனாதிபதியாயிருந்தவரை அந்த நாலு வருஷத்தைக் கொண்டே அளப்பானேன்? மற்றத் தொண்ணூற்றாறு வருஷங்களையும் கூண்டில் ஏற்றி விசாரித்தால், விடியுமுன் எழுந்து, கைவைத்த வேலையை முடிக்காமல் படுக்கப் போகாத ஒரு குடியானவரையே நாம் காண்போம்.

ஜார்ஜியா ராஜ்யத்தின் தென்மேற்கே உள்ள செம்மண் பூமி அது. கார்ட்டருக்கு நாலு வயதாகும்போது, அவருடைய தகப்பனார் ஏர்ல் கார்ட்டர், ப்ளெயின்ஸுக்கு இரண்டு மூன்று மைலுக்கு அப்பாலுள்ள ஆர்ச்சரியில் பண்ணை வாங்கிக் குடியேறினார். வீட்டில் மின்சாரமில்லை; குழாயுமில்லை. பயிர், வேர்க்கடலையும் பருத்தியும். பருத்திக்காயைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காகப் பாஷாணத்தையும் கரும்புப் பாகையும் தண்ணீரில் குழைத்து, துணி சுற்றிய கோலால் செடிசெடியாகத் தடவிக்கொண்டு போவது சிறுவர்களின் வேலை. பாகு கால்சட்டையில் வழிந்து காய்ந்து, இரவில் அதை மடிக்க முடியாதபடி விறைத்துவிடும் என்று கார்ட்டர் தம் பால்யத்தைப் பற்றிய நூலில் எழுதியிருக்கிறார். அந்த வேலையை அவர் வெறுத்தார், ஆயினும் செய்தார். பள்ளிக்கூடம் போகும் பிராயத்துக்கு முன்பே, வயலில் பிடுங்கிய பச்சைக் கடலையை அலசி, உப்பு நீரில் வேகவைத்து, பொட்டலம் கட்டி, ரயில் பாதையோரமாக நடந்து ஊருக்குள் கொண்டுபோய் விற்று வந்தார்.

ஆர்ச்சரியில் அநேகமாய் எல்லாக் குடிகளும் கறுப்பர்கள். அவர்களுடைய பிள்ளைகளே கார்ட்டரின் விளையாட்டுத் தோழர்கள். பள்ளிக்கூடம் வேறு, மாதாகோயில் வேறு. சுமார் பதினாலு வயதில் ஒருநாள், மேய்ச்சல் நிலத்தின் படலைத் திறந்த இரண்டு கறுப்புத் தோழர்கள், அவரை முதலில் போகவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தம்மைத் தடுக்கி விழச் செய்யும் குறும்பு ஏதோ செய்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். பெரியவர்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடம் அது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. தீண்டாமையைக் கண்ட நம்மவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. தகப்பனார் நிறபேதத்தை ஒப்புக்கொண்டவர். தாயார் லிலியன் அம்மையோ கறுப்பர் வீடுகளுக்குத் தயங்காமல் சென்று சிகிச்சை செய்த மருத்துவத் தாதி. இந்த அம்மையார் தமது 68-வது பிராயத்தில், 1966-ம் வருஷம், நம் நாட்டுக்கு வந்து பம்பாயை அடுத்த விக்ரோலியில் சுமார் இரண்டு வருஷம் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார் என்பதை வாசகர்களில் சிலராவது அறிந்திருக்கக்கூடும்.

கார்ட்டர் கடற்படைக் கல்லூரியில் தேறி, 1946-ல் ரோஸலினை மணந்து, அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல்களை நிர்மாணிக்கும் பகுதியில் ரிக்கோவரின் கீழ் உத்தியோகம் பார்த்தார். மேலே போக வழியுள்ள உத்தியோகம். 1953-ல் தகப்பனார் இறந்துபோகவே, அதை ராஜீனாமாச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பத் தீர்மானித்தார். மனைவிக்கு இதில் சம்மதமில்லை; ஊர் திரும்பும் வழியெல்லாம் அவர் கணவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்து சேர்ந்த பின் வாசம், ஏழைகளுக்காகச் சர்க்கார் கட்டிய வீட்டில். 1954-ல் மழை பொய்த்தது; அந்த வருஷத்து லாபம் இருநூறு டாலரைக்கூட எட்டவில்லை. விதைக்கடலை மூட்டைகளைக் கார்ட்டர் தாமே தூக்கி ஏற்றினார்; ரோஸலின் அம்மாள் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். சில காலத்தில், வியாபாரத்தின் உள் நிலைமை கணவரைக் காட்டிலும் மனைவிக்கே நன்றாய்த் தெரியும் என்றாயிற்று.

கார்ட்டரை உத்தம குடும்பஸ்தர் என்று புகழ்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். 1962-ல் தமது பிறந்த நாள் காலையில் அவர் நல்ல கால்சட்டை அணிந்து புறப்பட்டபோது, சாவு வீட்டுக்கா போகிறீர்கள் என்று மனைவி கேட்டார். ராஜ்ய செனெட் தேர்தலுக்கு அபேட்சகராக நிற்கப் போகிறேன் என்று அப்போதுதான் பதில் வந்தது! இவ்வாறு நடந்துகொண்டவர், பின்னாளில் மந்திரிசபைக் கூட்டத்திலேயே மனைவியை உட்கார வைத்து அவருடைய யோசனையைக் கேட்பவரானார். 77 வருஷம் நீடித்த இந்த இல்லறம் ஆரம்பத்திலேயே அமைந்த பாக்கியமன்று. உழுது உழுது பண்படுத்திய நிலம் என்று அதைச் சொல்லலாம்.

அந்த 1962-ம் வருஷத்துத் தேர்தல் வக்கீல்களுக்கு ஒரு விருந்து. க்விட்மன் ஜில்லாவில் ஓர் உள்ளூர்ப் பெரிய மனிதர் பகிரங்கமாகவே வோட்டுப் பெட்டியில் கைவைத்தார். வோட்டுச் சீட்டுகள் வோட்டளித்தவர்களின் தொகையைவிட அதிகமாயிருந்தன. கார்ட்டர் சளைக்காமல் கோர்ட்டு ஏறி ஜயித்தார். இதற்குச் சில வருஷங்களுக்கு முன், நிறபேதத்தைக் காக்க ஏற்பட்ட வெள்ளையர் சங்கத்தில் சேரும்படி ஊரார் வற்புறுத்தியபோது அவர் மறுத்ததும், அதற்காக அவருடைய வியாபாரம் பகிஷ்கரிக்கப்பட்டதும் உண்மை. 1970-ல் கவர்னர் தேர்தலில் நிறபேதவாதிகளின் வோட்டுக்கு அவர் வலைவீசியதும் உண்மையே. பதவியேற்ற தினத்தன்று, நிறபேதத்தின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து அவர்களைத் திகைக்க வைத்தார். நல்ல காரியந்தான், ஆனால் வோட்டு வாங்கும்போது ஒரு பேச்சு, வாங்கிய பின் ஒரு பேச்சு என்பதற்கு நாம் நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கமாட்டோம்.

ஜனாதிபதிப் பதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1978 செப்டம்பரில் எகிப்தின் சாதத்தையும் இஸ்ரேலின் பெகினையும் காம்ப் டேவிடில் பதின்மூன்று நாள் வைத்துக்கொண்டு சமாதானத்துக்கு வழி செய்தார். ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணையாக அடைபட்டிருந்தது அவருடைய பதவிக்கு எமனாயிற்று. 1978 ஜனவரியில் அவர் டில்லிக்கு வந்தபோது, நமது அணுசக்தி விஷயத்தில் மொரார்ஜி தேசாய்க்குக் கடுமையான கடிதம் எழுத வேண்டுமென்று தமது மந்திரியிடம் சொன்னது ஒலிபெருக்கியில் அகப்பட்டுக்கொண்டது. அதே பிரயாணத்தில் அவர் கண்டுவந்த ஹரியானா கிராமம் ஒன்று தன் பெயரைக் கார்ட்டர்புரி என்று மாற்றிக்கொண்டது. கிராமத்தார் டில்லிவாசிகளைவிடப் பெருந்தன்மையுள்ளவர்கள்.

1981 ஜனவரியில், 56-வது பிராயத்தில், அவர் ப்ளெயின்ஸுக்கு இரண்டாம் முறை திரும்பினார். பிறர் வசம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்த கடலை வியாபாரம், பத்து லட்சம் டாலருக்கு மேல் கடனில் மூழ்கியிருந்தது. அதை விற்றுக் கடனை அடைத்தார். 1961-ல் கட்டிய பழைய வீட்டிலேயே குடியிருந்தார். பதவி போனபின்னும் சர்க்கார் பங்களாவை விடமாட்டேனென்று கோர்ட்டுக்குப் போகும் பிரமுகர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்று விசித்திரமாகவே படும். விடைபெறும்போது சகாக்கள் அவருக்குக் கொடுத்த பரிசு தச்சுக் கருவிகள். அவற்றைக்கொண்டு நாற்காலி, கட்டில் முதலியவற்றைத் தாமே செய்தார். 1984 முதல் வருஷந்தோறும் ஒரு வாரம், ஏழைகளுக்கு வீடு கட்டும் இடங்களில் தொண்டர்களோடு சுத்தியல் பிடித்தார். 2006-ல் நமது லோனாவலாவுக்கு அருகிலும் கட்டினார். 2019-ல், 95-வது பிராயத்தில், விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டுக்கொண்ட பின்னும், வீங்கிய கண்ணோடு நாஷ்வில் நகரில் வேலைக்கு வந்து நின்றார்.

ஆனால் அவர் செய்தவற்றுள் நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்க உழைத்ததையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம். படிக்கிணற்றில் கால் நனைத்துத் தண்ணீர் மொண்ட நம் முன்னோர் இந்த நோயை நன்கறிவார்கள். குடிநீரின் வழியே உடம்பினுள் புகும் புழு, ஒரு வருஷம் வளர்ந்து, இரண்டு மூன்று அடி நீளமாகிக் கால் வழியாகத் தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். அதைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்தெடுக்க வேண்டும். மருந்து கிடையாது; அம்மைப்பால் போன்ற தடுப்பும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, நோயுள்ள காலைக் குளத்தில் வைக்காதே என்று கிராமம் கிராமமாய்ச் சொல்லுவதே வழி. 1986-ல், 21 நாடுகளில் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் பேர் இதனால் வருந்திய காலத்தில், கார்ட்டர் இந்த வேலையில் இறங்கினார். நம் நாட்டில் நம்மவர்களின் முயற்சியால் 1996-ல் கடைசி நோயாளி ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ல் நோய் ஒழிந்ததாகச் சான்று கிடைத்தது. 1995-ல், சூடானின் உள்நாட்டு யுத்தத்தில் இரு கட்சியாரிடமும் பேசி ஏறக்குறைய ஆறு மாதம் சண்டையை நிறுத்தச் செய்தார் கார்ட்டர். கேவலம் ஒரு புழுவுக்காக!

முகம் சுளிக்காமல் செடிசெடியாகப் பாஷாணம் தடவப் பழகிய கையாலேயே இந்த வேலை ஆகக்கூடியது. இதில் புகழுக்கு அதிக இடமில்லை. நோயாளிகளோ வோட்டுப் போடமாட்டார்கள்.

2023 நவம்பரில் ரோஸலின் அம்மாள் 96-வது பிராயத்தில் காலமானார். அப்போது கார்ட்டர், சிகிச்சையை நிறுத்திக்கொண்டு மரணத்தை எதிர்பார்த்திருந்தவர். சக்கர நாற்காலியில் வந்து மனைவியை வழியனுப்பினார். 2025 ஜனவரி 9-ந் தேதி, வீட்டு வளவிலுள்ள குளக்கரையில், அவருக்குப் பக்கத்திலேயே கார்ட்டரும் அடக்கம் செய்யப்பட்டார். கடைசி நரம்புச் சிலந்தி தமக்கு முன்னால் சாகவேண்டும் என்று 2015-ல், தமது மூளைக்குப் புற்றுநோய் பரவியதைத் தெரிவித்த அன்று, அவர் சொல்லியிருந்தார். 2024-ல் உலகம் முழுவதிலும் அந்த நோய் கண்ட மனிதர்கள் பதினைந்து பேர்.