விருந்து சரி, கணக்கு எங்கே?

வெளிநாட்டில் இருக்கிற நண்பன் வீட்டில் போய்த் தங்குவதாக இருந்தால், எத்தனை நாள், எதற்கு யார் செலவு என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும். கூப்பிடுகிறவரும் பேச வேண்டும், போகிறவரும் பேச வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். "என்ன சார், பேங்க் ஆபீசர் புத்தி வீட்டுக்குள்ளேயும் வந்துடுச்சா?" என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். பி.காம் படித்தவனுக்கு வரவு செலவு என்பது கெட்ட வார்த்தை இல்லை.

நான் இப்போது மும்பையில் இருக்கிறேன். நடுவில் மூன்றரை வருஷம் வேலை நிமித்தமாகக் குடும்பத்தோடு பிராங்பர்ட்டில் இருந்தோம். அங்கே எங்கள் வீட்டில் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஒன்பது முறை விருந்தாளிகள் வந்து தங்கினார்கள். அதனால் செம்பூர் பக்கம் யாராவது "ஜெர்மனியில் ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறோம்" என்றால் இன்றும் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக இங்கே.

முதலில் நம்மூர் வழக்கம். வந்தவரிடம் "எப்போ கிளம்பறீங்க?" என்று கேட்பது நமக்குப் பெரிய அவமரியாதை. எங்கள் அம்மா ஜென்மத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால் அம்மாவால் எப்படி முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாத்திரம் தேய்க்க ஆள் உண்டு. காய் நறுக்க அத்தையும் சித்தியும் உண்டு. இரவு பத்து மணிக்குக்கூடத் தெருமுனைக் கடையில் பால் கிடைக்கும். கூடத்தில் பாய் விரித்தால் பத்துப் பேர் படுக்கலாம். நாலு பேர் சுமந்ததால்தான் அந்த விருந்தோம்பல் கனக்கவில்லை. அதிலும் பெரும் பாரம் பெண்கள் தலையில்தான் இருந்தது என்பது தனிக் கதை.

ஐரோப்பாவில் அந்த நாலு பேர் கிடையாது. கணவன், மனைவி இருவர்தான். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அரிசி, பால், தயிர் எல்லாம் வாங்கி வைக்காவிட்டால் ரயில் நிலையத்தில் திறந்திருக்கும் கடைக்குத்தான் ஓட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஆறு, எட்டு வாரத்துக்கு மேல் ஒருவர் தங்கினால் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். விருந்தாளியோ முதல் தடவை வருகிறவர். விமான நிலையத்திலிருந்து திரும்பி விமானம் ஏறும்வரை எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் பார்ப்பார். அது அவர் தப்பில்லை. பாஷை தெரியாத ஊரில் வேறு யாரைப் பார்ப்பார்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கல்லூரி நண்பர் குடும்பத்தோடு வந்தார். "ஒரு வாரம்" என்றுதான் பேச்சு. அது 23 நாள் ஆனது. இவர் வருஷ லீவையெல்லாம் கரைத்து கொலோன், ஹைடல்பெர்க், பாரிஸ் என்று காரில் சுற்றிக் காட்டினார். பெட்ரோல், ஓட்டல், டிக்கெட் எல்லாம் இவர் கார்டில். வந்தவர் ஒவ்வொரு தடவையும் "நான் கொடுக்கறேன்டா" என்பார். இவர் ஒவ்வொரு தடவையும் "சும்மா இருடா" என்பார். போன பிறகு ஆறு மாசம் வீட்டில் தினமும் இதே பேச்சு. இப்போது இரண்டு குடும்பமும் பொங்கலுக்குக்கூட வாழ்த்துச் சொல்லிக்கொள்வதில்லை. வந்தவருக்கு ஏன் என்று இன்றுவரை தெரியாது! அதுதான் இதில் கொடுமை. கேட்டிருந்தால் பாதிப் பணத்தைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார்.

இது பணத்தோடு போனது. அடுத்தது சட்டம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குச் சொந்தச் செலவில் வருகிறேன் என்று தன் வங்கிக் கணக்கைக் காட்டி ஒருவர் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கணக்கில் போதிய பணம் காட்ட முடியாதவருக்கு ஜெர்மனியில் இன்னொரு வழி உண்டு. அழைப்பவர் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டுகளைக் காட்டி, 29 யூரோ கட்டி ஒரு உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். அதன் பெயர் ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்ளேருங். (சொல்லி முடிப்பதற்குள் விசாவே வந்துவிடும்.)

நம் ஆட்கள் இதை ஒரு அழைப்புக் கடிதம் மாதிரி நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். இது அழைப்புக் கடிதம் இல்லை, ஜாமீன். வந்தவரின் தங்கும் செலவு, சாப்பாடு, வைத்தியம், திருப்பி அனுப்பும் செலவு வரை எதற்காவது அரசுப் பணம் செலவானால் அதைக் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வந்தவர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டால் இந்தப் பொறுப்பு ஐந்து வருஷம் வரைகூட நீளலாம். நம் நாட்டிலும் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவில், கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்றுதான் பொதுவாகச் சொல்கிறது. "சும்மா ஒரு கையெழுத்துதானே சார்" என்று வந்து, பிறகு கண் கலங்கி நின்ற எத்தனையோ ஜாமீன்தாரர்களை என் மேஜைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நண்பனுக்காகப் போட்டவர்கள்.

ஆகவே என் கட்சி இது. வீட்டைக் கொடுங்கள், சாப்பாட்டைக் கொடுங்கள், நேரத்தைக் கொடுங்கள். கையெழுத்தை மட்டும், அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் நம் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்று யாருக்காக நினைப்பீர்களோ, அவருக்கு மட்டும் போடுங்கள். மற்றவரிடம் "உன் கணக்கைக் காட்டியே விசா எடுடா, தங்க இடம் என் பொறுப்பு" என்று சொல்லலாம். நல்ல நண்பன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பேச வேண்டியவற்றை நாங்கள் நாலாகப் பிரித்து வைத்திருந்தோம்.

1. நாள்: வரும் தேதி, போகும் தேதி இரண்டும். விசாவிலேயே கணக்கு உண்டு, எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் கூடாது. 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, தங்கிய நாளைக் கணினியே எண்ணுகிறது. கணினி எண்ணும்போது நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

2. பணம்: வீட்டுக்குள் ஆகும் செலவு எங்களுடையது, வாசலைத் தாண்டினால் அவரவருடையது. உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கு ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு 2026 ஜனவரி முதல் 63 யூரோ. ஐசிஇ மாதிரி வேக ரயிலில் செல்லாது. அது சந்தா என்பதால் மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துவிடுவார்கள். கடையில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயா, யூரோவா?" என்று மிஷின் கேட்டால் யூரோவையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை. சின்னக் கடைகளுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

3. வேலை: நாங்கள் சனி, ஞாயிறு கூட வருவோம். மற்ற நாளில் ரயில் வழியை எழுதிக் கொடுப்போம், நீங்களே சுற்றுங்கள். சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சமைப்போம். தங்கமணி போட்ட சட்டம் இது, அப்பீல் கிடையாது. உண்மையில் விருந்தாளிகள் இதை மிகவும் ரசித்தார்கள். தனியாக ரயிலேறி ரூடஸ்ஹைம் போய் ரைன் நதியைப் பார்த்துவிட்டு வந்த என் பள்ளித் தோழன் அன்று இரவு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான்.

4. சாமான்: ஆசையாக நெய், வெண்ணெய் கொண்டுவருவார்கள். பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாவிட்டால் தடை. வற்றலும் பொடியும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

"நட்புக்குள் கணக்கா?" என்று கேட்கலாம். விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரம் எழுதிய வள்ளுவர்தான், வலியறிதல் என்ற அதிகாரத்தில் வரவறிந்து செலவு செய்யவும் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒரே புத்தகம்தான். நண்பனுக்கு வசதியில்லை, ஆனாலும் அவன் வந்து பார்க்க வேண்டும் என்று நமக்கு ஆசை என்றால், "எல்லாச் செலவும் என்னுது, நீ வந்தா போதும்" என்று முன்பே சொல்லிவிடலாம். அதுவும் கணக்குப் பேசுவதுதான். அப்படிச் சொன்னால் அவனும் ஒவ்வொரு காபிக்கும் பர்ஸைத் தடவிக்கொண்டு கூச்சப்பட வேண்டாம்.

வாய்விட்டுச் சொன்ன கணக்கு அன்றைக்கே முடிந்துவிடுகிறது. மனசுக்குள் போட்ட கணக்குக்கு மட்டும்தான் வருஷா வருஷம் வட்டி ஏறுகிறது. இருபது வருஷ நட்பு என்பது அந்த வட்டிக்குக் கொடுக்கிற விலை இல்லை.