ஒரே கட்சி... இரண்டு கரை... இரண்டு பேச்சு! - மேகதாது அரசியலும் டெல்டா விவசாயியும்

2021 ஆகஸ்ட் 5. தஞ்சாவூரில் பா.ஜ.க உண்ணாவிரதம். மேகதாதுவில் கர்நாடகம் அணை கட்டக் கூடாது என்று மேடையில் அமர்ந்திருந்தவர், அப்போதுதான் கட்சியின் மாநிலத் தலைவராகியிருந்த அண்ணாமலை. அணையைக் கட்டியே தீருவோம் என்று பெங்களூரில் சொன்னவர், ஒரு வாரத்துக்கு முன்பு முதல்வரான பசவராஜ் பொம்மை. அவரும் பா.ஜ.க-தான்!

ஐந்து மாதம் கழித்து கட்சி மாறியது, காட்சி மாறவில்லை. 2022 ஜனவரி 9-ம் தேதி, அணையை உடனே கட்டச் சொல்லி மேகதாதுவிலிருந்து பெங்களூரை நோக்கிப் பாதயாத்திரை கிளம்பியது காங்கிரஸ். முன்னால் நடந்தவர்கள் டி.கே.சிவகுமாரும் சித்தராமையாவும். தமிழ்நாட்டுக் காங்கிரஸோ, அணை கூடாது என்றது.

மூன்று நாளில் இரண்டு தீர்மானம்

உச்சகட்டம் அதே ஆண்டு மார்ச்சில். மேகதாது அணைக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 21-ம் தேதி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பா.ஜ.க, காங்கிரஸ் உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அந்தத் தீர்மானத்தைக் கண்டித்து, 24-ம் தேதி கர்நாடக சட்டமன்றத்தில் இன்னொரு ஒருமனதான தீர்மானம். அங்கேயும் பா.ஜ.க, காங்கிரஸ் இரண்டும் கை தூக்கின!

பிரச்னை இதுதான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், கனகபுரா பக்கத்தில் 67.16 டி.எம்.சி கொள்ளளவுள்ள அணையைக் கட்ட விரும்புகிறது கர்நாடகம் (1 டி.எம்.சி என்பது 100 கோடி கன அடி). பெங்களூருக்குக் குடிநீரும் மின்சாரமும் கிடைக்கும் என்கிறது. கர்நாடகத்தின் மற்ற அணைகளுக்குக் கீழே பெய்யும் மழையாவது இப்போது தடையில்லாமல் வருகிறது, அதையும் மறித்துவிடுவார்கள் என்பது தமிழ்நாட்டின் பயம்.

யாருக்காகப் பேசுகிறார்கள்?

தஞ்சாவூர் மேடையில் பேசுகிறவர், தஞ்சாவூர் தொண்டரையும் இங்குள்ள வாக்காளரையும் பார்த்துப் பேசுகிறார். மண்டியா மேடையில் பேசுகிறவருக்கு மண்டியா விவசாயிதான் கண்ணில் தெரிவார். அவருக்கும் காவிரிதான் வாழ்வு. இரண்டு பேச்சுகளும் இரண்டு மொழிகளில் நடப்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மோதும் இடம் டெல்லி. அங்கே கட்சித் தலைமை 'பேசித் தீர்ப்போம்', 'சட்டப்படி நடப்போம்' போன்ற பொதுவான வார்த்தைகளுக்குள் ஒதுங்கிக்கொள்ளும்.

ஆனால், நீதிமன்றத்தில் அப்படி ஒதுங்க முடியாது. 2018 பிப்ரவரி 16-ம் தேதி, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி தண்ணீர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் செயல்படுத்தும் திட்டத்தை ஆறு வாரத்தில் உருவாக்கச் சொன்னது. மார்ச் 29-ம் தேதி கெடு முடிந்தது. அதன் பிறகு மத்திய அரசு மனு போட்டு மூன்று மாத அவகாசம் கேட்டது. மனுவில் சொன்ன காரணங்களில் ஒன்று, கர்நாடகத் தேர்தல்! இந்த நேரத்தில் அறிவித்தால் அங்கே கொந்தளிப்பு ஏற்படும் என்று எழுத்திலேயே சொன்னது. மே 12-ம் தேதி வாக்குப்பதிவு முடிந்தது. ஜூன் 1-ம் தேதி காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான அறிவிப்பு வந்தது.

மாநிலக் கட்சிகள் மட்டும்..?

அ.தி.மு.க-வுக்கும் தி.மு.க-வுக்கும் அக்கரையில் ஓட்டு இல்லை. ஆனால் கூட்டணி இருக்கிறது. காவிரி விஷயத்தில் மத்திய அரசைக் கண்டித்து 2018 ஏப்ரல் 3-ம் தேதி அ.தி.மு.க உண்ணாவிரதம் இருந்தது. ஆளுங்கட்சியாக இருந்தும், முதல்வரும் துணை முதல்வருமே சேப்பாக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே பா.ஜ.க-வுடன் தேர்தல் கூட்டணி.

2023-ல் தி.மு.க-வின் முறை. கர்நாடகத்தில் ஆட்சிக்கு வந்திருந்தது அதன் கூட்டணிக் கட்சியான காங்கிரஸ். ஜூன் 12-ம் தேதி திறந்த மேட்டூர் அணை, வழக்கமான ஜனவரி 28 வரை தாக்குப்பிடிக்காமல் அக்டோபர் 10-ம் தேதியே மூடப்பட்டது. அதற்கு முந்தைய நாள் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானம், தண்ணீர் திறக்கும்படி கர்நாடகத்துக்கு உத்தரவிட மத்திய அரசை வலியுறுத்தியது. ஆணையம் மத்திய அரசின்கீழ் வருவதால் சட்டப்படி அது சரியான முகவரிதான். ஆனாலும், கூட்டணித் தோழரிடம் ஏன் நேரடியாகக் கேட்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் கேட்ட கேள்வி டீக்கடை வரை வந்தது.

மூன்று கேள்விகள் போதும்

மக்களுக்கு ஏற்றபடி பேசுவதே தப்பு என்று சொல்ல முடியாது. நெல் விளையும் ஊரில் நெல்லைப் பற்றித்தான் பேச வேண்டும். இங்கே கொடுத்த வாக்குறுதியை அங்கே மறுப்பதுதான் தப்பு. அதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் உதவும்.

1. இதே கட்சி, இதே விஷயத்தை அக்கரையிலும் இப்படியே பேசுகிறதா? கன்னடச் செய்தியை மொழிபெயர்த்துப் படிக்க இன்று ஒரு செல்போன் போதும்.

2. நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் என்ன இருக்கிறது?

3. பணம் எங்கே போகிறது? தமிழ்நாட்டு பா.ஜ.க மேகதாதுவை எதிர்த்துக்கொண்டிருந்தபோது, 2022 மார்ச் பட்ஜெட்டில் அந்தத் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது கர்நாடகத்தின் பா.ஜ.க அரசு.

குறுவைக்கு நாற்றங்கால் போடும் விவசாயிக்கு ஜூனில் 9.19 டி.எம்.சி, ஜூலையில் 31.24 டி.எம்.சி வர வேண்டும் என்பது கணக்கு. அது வந்ததா, இல்லையா என்பதை பிலிகுண்டுலுவில் தினமும் அளக்கிறார்கள். அடுத்த முறை யாராவது தஞ்சாவூரில் மைக் பிடித்தால், கை தட்டும் முன் அந்தக் கணக்கைக் கேளுங்கள்!