கூரையைக் கழற்றும் முன்

மாசி பிறந்தால் போதும், பெங்களூரிலிருந்து என் மகன் போன் செய்வான். "அப்பா, இந்த வாரம் வரேன். ஜீப் டாப்பைக் கழட்டிடலாமா? பசங்களைக் கூட்டிக்கிட்டு ஜமுனாமரத்தூர் போய்ட்டு வரலாம்." போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறும்போது தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல் காற்று வாங்கிக்கொண்டு போக அவனுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. எனக்கும் இருபது வயதில் இருந்ததுதான்.

ஆனால் இதில் எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. இறக்கி வைக்கிற இடத்தையும் வழியையும் முதலில் தயார் செய்யாமல் ஜீப்பின் ஹார்ட் டாப்பை யாரும் கழற்றக் கூடாது. தெருவில் இருக்கிற நாலு பேரைக் கூப்பிட்டு, "ஒரு கை பிடிங்க" என்று தூக்கச் சொல்லவே கூடாது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு நல்ல மனிதரின் விரலை நசுக்கிவிட்டுச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. அது மகேந்திரா எம்.எம். 540. ஒரு அரசு அலுவலகத்தில் ஓடி, கண்டமாகி, ஏலத்துக்கு வந்ததை என் மைத்துனர் எடுத்தார். அவர் காலமான பிறகு என்னிடம் வந்தது. அதன் என்ஜின் பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனியின் வடிவமைப்பு, 2112 சி.சி. டீசல். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, பிறகு தமிழ்நாட்டு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக ஃபைல் கட்டிய எனக்கு அந்த வண்டி மேல் ஒரு தனிப் பிரியம். நான் பிரெஞ்சில் பேசினால் இந்த ஆரணியில் பதில் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

கார் நிறுத்தும் இடத்தை நம் ஊரில் 'ஷெட்' என்போம். கொஞ்சம் படித்தவர்கள் 'கராஜ்' என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். 'கரே' என்றால் பத்திரமாக ஒதுக்கி நிறுத்துவது, அதிலிருந்து வந்தது. சேஸிஸும் அங்கிருந்து வந்த சொல்தான், ஷோபரும்கூட. இருக்கட்டும்.

வண்டியின் டாப் தகரத்தில் செய்தது. உள்ளூர் பாடி பில்டர் கைவேலை. கண்ணாடி, ரப்பர் பீடிங், உள்ளே ஒரு லைட், பின்னால் ஒரு கதவு. முன்பக்கம் விண்ட்ஷீல்டு ஃபிரேமிலும், இரண்டு பக்கமும் பாடியின் விளிம்பிலும் போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். கழற்றினால் உள்ளே ரெக்சின் டாப் போட்டுக்கொள்ளலாம், அல்லது ஒன்றும் இல்லாமல் ஓட்டலாம். எவ்வளவு எடை என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அரிசி மண்டியில் வேலை செய்யும் ஆள் ஒருவர் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு மூட்டைக்குக் குறையாது சார், ஆனா மூட்டை மாதிரி தோள்ல உக்காராது" என்றார். எல்லாவற்றையும் விட இந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். மூட்டைக்கு உடம்பு உண்டு. டாப்புக்கு விளிம்பு மட்டும்தான். பிடிக்கிற இடமெல்லாம் கூர்.

இரண்டு வருடத்துக்கு முன் மாசியில் மகன் வந்தான். பக்கத்து வீட்டு நெசவாளரைக் கூப்பிட்டேன். எதிர் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். நான், மகன், ஆக நாலு பேர். போல்ட்டுகளை நானே கழற்றி எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். துருப்பிடித்தவற்றுக்கு முதல் நாள் ராத்திரியே டீசல் விட்டு ஊற வைத்திருந்தேன். பதினொன்று. எல்லாம் ஆச்சு என்று சொன்னேன்.

பன்னிரண்டு இருந்தது.

முன்பக்கம் இடது மூலையில், பெயிண்ட்டுக்கு அடியில் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது. பின்பக்கம் தூக்கியபோது டாப் திருகிக்கொண்டது. "இரு இரு" என்பதற்குள் அந்தப் போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தது. தூக்கின டாப் ஒரு பக்கமாக இறங்கியது. நெசவாளரின் வலது கை நடுவிரலும் மோதிர விரலும் டாப்புக்கும் பாடி விளிம்புக்கும் நடுவில்.

அவர் கத்தக்கூட இல்லை. "சார், தூக்குங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

எலும்பு முறியவில்லை. நகம் இரண்டும் போனது, வீக்கம், தையல். ஆனால் பட்டு நெய்கிறவருக்கு விரல் நுனி என்றால் என்ன என்று ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இழையைப் பிணைக்க வேண்டும். முடியை விடச் சற்றுத்தான் தடித்த இழை அது. கட்டுப் போட்ட விரலால் அது முடியாது. அவர் தறியில் அப்போது ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றிருந்தது. பங்குனியில் கல்யாணம். இருபத்திரண்டு நாள் அந்தத் தறி சும்மா இருந்தது. பக்கத்து வீட்டில் காலை ஐந்தரைக்குக் கேட்கிற மிதிச் சத்தம் கேட்காமல் நான் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். புடவையை முடிக்க அவர் மச்சினரை வரவழைத்தார். கூலியில் பாதி அவருக்குப் போனது.

நான் பணம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மனைவி, "வேண்டாம் சார், அவரு வந்தது ஒத்தாசைக்கு" என்று உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் நான் செய்தது எண்ணிச் சரிபார்க்கிற வேலை. சம்பளப் பட்டியலில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கண்டுபிடித்தவன், ஒரு போல்ட்டை விட்டேன்.

விழுந்த டாப்பை அன்று ஷெட்டின் சுவரில் சாய்த்து நிறுத்தினோம். அதுவும் தப்பு. மூன்று மாதத்தில் எலி ரப்பர் பீடிங்கைத் தின்றது. நெல் ஊரில் எலிக்கா பஞ்சம்? சாய்வில் ஒரு மூலையே எல்லா எடையையும் தாங்கியதால் அந்த மூலை உள்ளே வளைந்தது. மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினேன், பத்திரம் என்று. ஆடியில் எடுத்துப் பார்த்தால் உள்ளே வியர்த்து, தகரம் முழுக்கத் துரு. பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தால் காற்றாவது போயிருக்கும்.

"ஒரு பழைய டாப்புக்கு இத்தனையா, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எங்கே வாங்குவது? இப்படிப்பட்ட டாப்புகள் முன்பு அரசாங்க ஜீப்புகளோடு ஏலத்துக்கு வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிப்பது கிடையாது, நேராக உடைப்புக்குத்தான். இனி ஏலத்தில் ஜீப்பும் வராது, டாப்பும் வராது. 2020-ல் வந்த புது தார் வண்டியின் டாப் இதற்கு உட்காராது. புதிதாக ஒன்று செய்யலாம் என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. எங்களைப் போன்ற பழைய வண்டிக்காரர்கள் 15 வருடம் முடிந்த பிறகு ஐந்தைந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கிறோம். அப்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி ஆர்.சி.யில் எழுதியிருக்கிறபடி நிற்க வேண்டும். ஆகவே கழற்றிய டாப் பழைய இரும்பு அல்ல, வண்டியின் ஒரு பாகம். பத்திரத்தை பீரோவில் வைப்பது போல அதையும் வைக்க வேண்டும்.

வழி சொன்னவர் அந்த நெசவாளர்தான். விரல் ஆறி, நகம் முளைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ஷெட்டுக்கு வந்து சாய்ந்து கிடந்த டாப்பைப் பார்த்தார். "சார், எங்க வீட்டுல ஜக்கார்டு பெட்டி எப்படி மேல போச்சு தெரியுமா?" என்றார்.

வந்து பாருங்கள் என்று அழைத்துப் போனார். அவர் வீட்டில் குழித்தறிக்கு மேலே, அட்டை மாலை தொங்க, அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் உண்டாக்கிய ஏற்பாடு. பள்ளியில் அதைப் பிரெஞ்சுப் பாடமாகப் படித்தவன் நான். ஆரணிக்கு வந்த பிறகுதான் அதன் அடியில் நின்று பார்த்தேன். அதையும் யாரும் தோளில் சுமந்து ஏற்றுவதில்லை. கயிறும் கப்பியும் போட்டு இழுத்து, கட்டையின் மேல் உட்கார வைத்து, பிறகு கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள். "கப்பி தூக்கறதுக்கு சார். வச்சுக்கறதுக்கு இல்ல." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் ராங்ளர் ஜீப் வைத்திருப்பவர்கள் கராஜ் கூரையில் கப்பியும் பெல்ட்டும் போட்டு டாப்பைத் தொங்கவிடுகிறார்கள். வீடியோவில் என் மகன் காட்டினான். பார்க்க அழகு. ஆனால் அடியில் வண்டி நிற்கிறது, பேரப்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், மாதக்கணக்கில் எடை முழுவதும் ஒரு கயிற்றிலும் ஒரு பல்சக்கரத்திலும். எனக்குத் தூக்கம் வராது.

நாங்கள் செய்தது இது. ஷெட் கூரை கான்கிரீட். அதில் இருக்கும் ஃபேன் கொக்கியைத் தொடக்கூட இல்லை. அது ஃபேனுக்குத்தான். பழைய இரும்புக் கடையில் ஒரு கர்டர் வாங்கி, இரண்டு சுவருக்கும் குறுக்கே, முனைகளில் கான்கிரீட் படுகை போட்டு உட்கார வைத்தோம். அதன் நடுவில் மெக்கானிக்குகள் என்ஜின் தூக்கும் செயின் கப்பி. கப்பிக்குக் கீழே அவர் வீட்டுப் பழைய தறியிலிருந்த ஒரு தேக்குச் சட்டம். அதன் முனைகளிலிருந்து டாப்பின் நாலு மூலைக்கும் நாலு நைலான் பெல்ட். சட்டம் இல்லாவிட்டால் பெல்ட் உள்பக்கமாக இழுத்து டாப்பை நெரிக்கும்.

வண்டியை அடியில் நிறுத்தி, லைட் வயரைப் பிரித்து, போல்ட்டுகளைக் கழற்றி எண்ணி, இந்த முறை எழுதியும் வைத்து, நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுச் சுற்றி வர வேண்டும். எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? எங்கள் பன்னிரண்டாவது போல்ட் இப்படிச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நியூட்ரலில் கையால் தள்ளி வெளியே விட வேண்டும். அடுத்து டாப்பை மேலே ஏற்றி, கர்டரிலிருந்து தொங்கும் கொக்கிகளில் இரண்டு ஜி.ஐ. பைப்பை அடியில் செருகி, டாப்பை அதன் மேல் இறக்கி, செயினைத் தளர்த்திவிட்டோம். இப்போது அது தொங்கவில்லை, உட்கார்ந்திருக்கிறது. ரப்பருக்கு சைக்கிள் கடையில் ட்யூபுக்குப் போடும் பிரெஞ்ச் சாக் பவுடர். (அதிலும் பிரெஞ்சு!)

ஆளுக்கு வேலை இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் நான், எழுபது தாண்டியவன். யாருடைய விரலும் விளிம்புக்கு அருகில் போகவில்லை.

செலவு? கர்டர், கப்பி, கொத்தனார் எல்லாம் சேர்த்து மகன் இரண்டு முறை மலைக்குப் போய் லாட்ஜில் தங்கும் செலவுதான் ஆனது. அவன் முணுமுணுத்தான். "இதுக்கு டாப்பைக் கழட்டாமலே இருக்கலாமே அப்பா" என்றான். இருக்கலாம். கர்டர் போட மனம் இல்லாதவர்கள் அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. டாப்போடு போனாலும் ஜவ்வாது மலை அதே இடத்தில்தான் இருக்கும், கண்ணாடியை இறக்கினால் அதே காற்றுதான் வரும். கழற்றுவதாக இருந்தால் தை, மாசியோடு சரி. சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் திறந்த ஜீப்பில் போகிறவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு வயது போதாது. ஐப்பசி மழைக்கு முன் டாப் திரும்ப வண்டியில் ஏறிவிட வேண்டும்.

ஆரணி, சேத்துப்பட்டு, போளூர்ப் பக்கம் மண்டிக்காரர்கள், விவசாயிகள் வீடுகளில் இன்னும் இப்படிப்பட்ட ஜீப்புகள் இருக்கின்றன. செயின் கப்பி வருடத்தில் முன்னூற்று அறுபது நாள் என் ஷெட்டில் சும்மாதான் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், அதில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். குமாஸ்தா புத்தி, மன்னிக்கவும். கூடவே அந்தத் தேக்குச் சட்டமும் வேண்டுமானால் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். காலை ஐந்தரைக்கு மேல் எப்போதும் தறியில்தான் இருப்பார்.